பாலுக்குத் தினந்தோறும் சோதனை! நெஞ்சுச் சளிக்குக் கிடையாதா?



ஸ்டோர் வாசலில் பால் நிறுக்கும் நேரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. காண்டா வாளியை இறக்கி வைத்து, வரிசையில் நின்று, நம் பெயர் கூப்பிட்டதும் பாலை ஊற்றுகிறோம். கிராணி அய்யா மெட்ரோலாக்கை எடுத்து மிதக்க விடுகிறார். இந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார். மங்கில் மழைத்தண்ணீர் கலந்திருந்தால் அந்தக் கருவி காட்டிக் கொடுத்துவிடும். அன்றைய சம்பளத்தில் அது தெரியும். இன்று பல தோட்டங்களில் பாலை விட்டுக் கட்டிப்பால் எடுக்கிறார்கள் என்பது உண்மைதான். அங்கும் ஈரம் எத்தனை, காய்ந்தது எத்தனை என்ற கணக்கு இல்லாமல் ஒரு கட்டியும் தராசில் ஏறுவதில்லை.

ஆக, மரத்தின் நெஞ்சிலிருந்து வடிவதை ஒருநாளும் தவறாமல் சோதிக்கிறது நிர்வாகம். அந்த மரத்தை வெட்டுகிறவனின் நெஞ்சிலிருந்து வருவதைச் சோதிக்கிறதா? மாதக்கணக்கில் இருமிக்கொண்டே பிரட்டுக்கு வருகிறவனைப் பார்த்து, "உன் சளியை ஒரு டப்பாவில் பிடித்துக் கொண்டு வா, டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்ப்போம்" என்று எத்தனை தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள்? உங்கள் தோட்டத்தை நினைத்துப் பார்த்து நீங்களே பதில் சொல்லுங்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 1970களின் தொடக்கம். குளுவாங் பக்கம் ஒரு தோட்டம். எனக்குப் பத்து, பன்னிரண்டு வயதிருக்கும். எங்கள் லயத்தில் எதிர்வீட்டு அண்ணன் நல்ல வெட்டுக்காரர். பட்டையில் காயம் படாமல் உளி ஓட்டுவதில் அவருக்கு இணை அந்த டிவிஷனிலேயே கிடையாது. அவருக்கு இருமல் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தோட்ட ஆஸ்பத்திரியில் அவருக்கு மருந்து வாங்கி வருவது என் வேலை. கழுவின கிச்சாப்புப் போத்தல் ஒன்றைக் கொண்டுபோவேன். டிரெசர் அய்யா பெரிய ஜாடியிலிருந்து பழுப்புத் தண்ணீரை அதில் ஊற்றித் தருவார். "சுருட்டை நிறுத்தச் சொல், சம்சுவை விடச் சொல்" என்பார். அண்ணன் சம்சு குடிக்கிறவரே அல்ல. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ஐந்து மாதம் நான் அந்தப் போத்தலைச் சுமந்தேன். அண்ணனின் சட்டை அவருக்கே பெரிதாகப் போயிற்று. சாயங்காலமானால் காய்ச்சல், இராத்திரியில் பாய் நனையும் அளவுக்கு வேர்வை. ஒருநாள் விடியற்காலம் பிரட்டுக் களத்தில் இருமியபோது இரத்தம் வந்தது. அதன் பிறகுதான் லோரியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே முதலில் கேட்டது என்ன தெரியுமா? மூடியுள்ள ஒரு சிறு டப்பாவைக் கையில் கொடுத்து, "கஹாக்" என்றார்களாம். சளியைக் கேட்டார்கள். ஐந்து மாதமாக ஒருவரும் கேட்காததை முதல் நாளே கேட்டார்கள். சில நாளில் பதில் வந்துவிட்டது. காசநோய். நம் தாத்தாமார் க்ஷயரோகம் என்றார்களே, அதேதான்.

அண்ணன் பிழைத்தார். ஊசியும் மாத்திரையுமாக ஓர் ஆண்டுக்கு மேல் வைத்தியம் பார்த்து, திரும்பி வந்து மரம் வெட்டினார். ஆனால் அவருடைய கடைசிப் பெண் குழந்தை, ஒன்றரை வயது, அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே காய்ச்சல் கண்டு, கழுத்து விறைத்து, கண் சொருகிச் செத்துப் போயிற்று. கிருமி மூளைச் சவ்வுக்கு ஏறிவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். ஒரே அறை, ஒரே பாய். அப்பனின் இருமல்தான் அந்தக் குழந்தை சுவாசித்த காற்று. கைக்குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பவும் தெரியாது, எடுத்துச் சோதிக்க. பெரியவரின் சளியை முதல் மாதத்தில் பார்த்திருந்தால்தான் அந்தக் குழந்தையைக் காப்பாற்ற வழி இருந்தது.

அந்த டிரெசர் கெட்ட மனிதரல்லர். பாம்புக்கடி, உளிவெட்டு, பிரசவம் என்று எத்தனையோ பேருக்கு இராப்பகலாக ஓடி உழைத்தவர். ஆனால் அவர் கையில் நிர்வாகம் கொடுத்திருந்தது ஒரு பெரிய ஜாடி. சளி டப்பா ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. என் சண்டை அந்த ஜாடியோடுதான்.

இது ஒரு தோட்டத்துக் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். இந்தியாவில் பெங்களூரில் 1959-இல் தேசியக் காசநோய் நிலையம் அமைத்தார்கள். அதன் ஆராய்ச்சியாளர்களான பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர் தும்கூர் ஜில்லாவின் கிராமங்களுக்குப் போய், நெஞ்சில் நோய் உள்ளவர்களை வீடு வீடாக விசாரித்து, 1963-இல் முடிவை வெளியிட்டார்கள். "நாட்டுப்புறத்தான் நோயை உணரமாட்டான், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான்" என்பதுதான் அதுவரை பெரிய மனிதர்கள் பாடிய பாட்டு. விசாரித்தால் கதை வேறு. நோயாளிகளில் பெரும்பாலோர் தமக்கு உடம்பு சரியில்லை என்று உணர்ந்தே இருந்தார்கள். பாதிப்பேர் வைத்தியம் தேடியும் போயிருந்தார்கள். போன இடத்தில் கிடைத்தது இருமல் மருந்துப் போத்தல்! குளுவாங்கில் நான் சுமந்த அதே போத்தல். குற்றவாளி யார் என்பதை அந்த ஆராய்ச்சி அன்றைக்கே சொல்லிவிட்டது.

சரி, இந்தச் சளியில் அப்படி என்னதான் தெரிகிறது?

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி, பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் டாக்டர், காசநோய் ஒரு கிருமியால் வருகிறது என்று அறிவித்தார். அதுவரை பரம்பரை நோய் என்றார்கள், தலையெழுத்து என்றார்கள். பாவத்தின் சம்பளம் என்றவர்களும் உண்டு. கோக் அந்தக் கிருமியையே கண்ணாடியில் காட்டினார். பிறகு எர்லிக், சீல், நீல்சன் என்ற மூவர் அதற்குச் சாயம் ஏற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். ஒரு துளிச் சளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கி, அதன்மேல் ஆசிட் விடுவார்கள். மற்றக் கிருமிகளின் சாயம் ஆசிட்டில் கழுவிக்கொண்டு போய்விடும். காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாது. ஆசிட்டின் வேலையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தொட்டி நிறைய உள்ள பாலைக் கட்டியாக்கும் ஆசிட்டைப் பார்த்துப் பார்த்துக் கை காய்த்துப் போனவர்கள் நாம். அந்த ஆசிட்டுக்கும் மசியாத முரட்டுக் கிருமி இது! பிறகு நீலச் சாயம் பூசி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நீலக்களத்தில் சிவப்புக் குச்சிகள். ஒருவன் நெஞ்சில் நோய் இருக்கிறது என்பதோடு நிற்காமல், அவன் இருமினால் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஒட்டும் என்பதையும் அந்தக் குச்சிகள் சொல்லிவிடும். எத்தனை குச்சி என்று எண்ணி, நோயின் கடுமையையும் குறித்துவிடுவார்கள்.

இதற்கு மாளிகை வேண்டாம். ஒரு மைக்ராஸ்கோப், நாலு சீசாச் சாயம், பழகிய ஒரு கண். குறையும் உண்டு; மறைக்க மாட்டேன். ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமி இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் தென்படும். அதற்குக் குறைந்தால் வளர்ப்புச் சோதனை செய்ய வேண்டும். முளைத்து வர வாரக்கணக்கில் ஆகும். ஆகையால் "சளியில் ஒன்றுமில்லை" என்று ஒரு தடவை சொல்லிவிட்டதும் இருமல் நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. இருமல் தொடர்ந்தால் மறுபடியும் போய் நிற்க வேண்டும். 2010ஆம் ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரு புதுக் கருவியை அங்கீகரித்தது. சளியை அதன் குப்பியில் போட்டால் சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா இல்லையா என்று சொல்கிறது. ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. நம் நாட்டிலும் அந்தக் கருவி வந்திருக்கிறது. கருவி டவுனில் இருக்கிறது, சளி தோட்டத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் ஆளில்லை.

"நாங்கள்தான் எக்ஸ்ரே எடுக்கிறோமே" என்பார்கள் நிர்வாகத்தார். எடுக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் எக்ஸ்ரே காட்டுவது நிழலை. அந்த நிழல் பழைய தழும்பா, புது நோயா, வேறு காய்ச்சலா என்பதை நிழல் மட்டும் சொல்லாது. வெளிநாட்டுத் தொழிலாளர்களை 1997 முதல் ஃபோமேமா மூலம் சோதிக்கிறார்கள். அதில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. அந்தத் தோழர்களும் நம்மோடு நிரையில் நின்று மரம் வெட்டுகிறார்கள், ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் படுக்கிறார்கள். ஒரு தேதியில் எடுத்த எக்ஸ்ரே அடுத்த மாதம் வரும் இருமலுக்குப் பதில் சொல்லுமா? பெர்மிட் போய்விடுமே என்ற பயத்தில் அவன் இருமலைத் துண்டால் மூடிக்கொள்கிறான். அவன் மூடிக்கொண்டால் கிருமி நிற்காது. கடவுச்சீட்டைப் பார்த்து ஒட்டுகிற நோயல்ல இது. "வெளிநாட்டான் கொண்டு வந்த வியாதி" என்று நம்மவர்களில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நம் பாட்டன்மார் கப்பலில் வந்து இறங்கியபோது அவர்களைப் பார்த்தும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை போலும்.

சளிச்சோதனை காசநோய்க்கு மட்டும் உரியதுமல்ல. நிமோனியாவில் எந்தக் கிருமி என்று கண்டு, எந்த மருந்து கேட்கும் என்று தீர்மானிப்பதற்கும் சளியை வளர்த்துப் பார்க்கிறார்கள். தோட்டக்காட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு நோய் மெலியோய்டோசிஸ். ஈரமண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமி, காலில் உள்ள கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகிறது. 1911-இல் ரங்கூனில் விட்மோர் என்ற டாக்டர் அந்த நோயைக் கண்டார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டாண்டன், ஃபிளெட்சர் இருவரும் அதே கிருமியை மலாயாவில் ஆராய்ந்தார்கள். அந்தப் பெயரை வைத்தவர்களும் அவர்களே. எக்ஸ்ரேயில் அது காசநோய் போலவே வேஷம் போடும். காசநோய் மாத்திரைக்கோ கட்டுப்படாது. விட்டால் ஆளைக் கொன்றுவிடும். சளியையும் இரத்தத்தையும் வளர்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்த நோயும் சுலபமாக வருகிறது, காசநோயும் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு வருகிறது. நம் லயங்களில் இனிப்பு நீர் இல்லாத வீடு எத்தனை? விரல் விட்டு எண்ணலாம்.

அடுத்த சாக்கு: "தோட்டத்தில் லாபரட்டரி இல்லையே." தோட்டத்தில் லாபரட்டரி கட்டச் சொல்லி யார் கேட்டது? மூடியுள்ள டப்பா, பெயர் எழுத ஒரு தாள், ஐஸ் போட்ட ஒரு பெட்டி, டவுனுக்குப் போகும் ஒரு வண்டி, இவ்வளவுதான். பால் கெட்டுப் போகுமுன் ஃபாக்டரிக்குச் சேர வேண்டும் என்று அமோனியா ஊற்றி, நேரம் பார்த்து லோரி ஓட்டத் தெரிகிறதல்லவா? சளியும் அதே மாதிரிச் சரக்குதான். வெயிலில் வைக்காமல் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். லோரி தினம் போகிறது. அதில் ஒரு சிறு பெட்டிக்கு இடமில்லையா?

இனி மூன்றாவது சாக்கு, இதுதான் உள்ளபடியே முக்கியமானது: வேலை நேரம். சளி நன்றாகக் கிடைப்பது விடியற்காலையில். இரவெல்லாம் நெஞ்சில் தங்கியது அப்போதுதான் திரண்டு வரும். நமக்கோ அந்த நேரம் பிரட்டுக்குச் சொந்தம். இருட்டோடு எழுந்து, வரக்காப்பி குடித்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவன் எந்த நேரத்தில் நின்று இருமி எடுப்பான்? எடுத்தாலும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருநாள் கூலி போகும். மறுநாள் இன்னொரு டப்பா, இன்னொரு கூலி. முன்பெல்லாம் மூன்று டப்பா கேட்டார்கள். 2007-இல் உலக சுகாதார நிறுவனமே, நல்ல லாபரட்டரி உள்ள இடத்தில் இரண்டு போதும் என்று சொல்லிவிட்டது. ஒருநாள் சம்பளத்தோடு லீவு, ஒரு வண்டிச் சவாரி. இதற்குமேல் முதலாளிமாருக்கு என்ன நஷ்டம்? இருமுகிறவனை வெட்டில் வைத்துக்கொண்டு, அவன் நிரைக்கு அடுத்த நிரைக்காரனையும் படுக்க வைத்தால் வரும் நஷ்டத்தை எந்தக் கிராணியாவது செக்ரோலில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாரா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவுப்படி, டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் சம்பளத்தோடு நோய் லீவு உண்டு. சர்வீஸ் 2 ஆண்டுக்குக் குறைந்தால் 14 நாள். 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் ஆண்டுக்கு 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாளும் தனிக்கணக்கு. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அளவுக்கு நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, எந்தக் காரணத்தாலோ சேர முடியாவிட்டாலும், சேர்ந்ததாகவே சட்டம் கருதுகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: லீவு தொடங்கி 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்க முயற்சியாவது செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொல்லாமல் நின்றதாக எழுதிவிடுவார்கள்.

இந்தச் சட்டம் போதுமா? போதாது என்பேன். காசநோய்க்கு வழக்கமான வைத்தியம் ஆறு மாதம். அரசாங்க ஊழியருக்குக் காசநோய்க்கென்றே தனி லீவு அரசாங்க உத்தரவில் இருக்கிறது. ஆபீசில் ஃபைல் தூக்குகிறவரின் நுரையீரலுக்கு ஒரு நியாயம், மரம் வெட்டுகிறவனின் நுரையீரலுக்கு ஒரு நியாயமா?

இன்னொரு கொடுமை உண்டு. நோய் என்று தெரிந்ததும், "வீட்டைக் காலி செய், குணமானால் வா" என்கிற கொடுமை. இப்படிச் சொல்கிறவர்கள் சென்னையில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1956-இல் அங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லோரும் சேர்ந்து ஒரு காசநோய் நிலையம் தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் அதை நடத்தினார். சென்னையின் ஏழைக் காசநோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை ஆரோக்கிய விடுதியில் நல்ல சாப்பாடு, ஓய்வு கொடுத்து வைத்தார்கள். இன்னொரு பிரிவை அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே விட்டு, மாத்திரை கொடுத்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஓர் ஆண்டு. தீர்ப்பு சொன்னது எது? மாதம் தவறாமல் எடுத்த சளி! 1959-இல் முடிவு வெளியானது. ஓட்டை வீட்டில், அரை வயிற்றுச் சாப்பாட்டில் இருந்தவர்களும் விடுதியில் இருந்தவர்களைப் போலவே ஏறக்குறையக் குணமானார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு அதிகமாக ஒட்டவும் இல்லை. வைத்தியம் தொடங்குமுன் ஒட்ட வேண்டியது ஒட்டிவிடுகிறது. தொடங்கிய சில வாரங்களில் ஒட்டுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே மாற்றிய அந்தச் சோதனைக்குச் சளி கொடுத்தவர்கள் சென்னைச் சேரித் தமிழர்கள். கூலிகள், கைவண்டிக்காரர்கள் போன்றவர்கள். 1959-க்குப் பிறகும் ஒரு நோயாளியை லயத்திலிருந்து துரத்தினால், அதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரமே கிடையாது.

மலாயாவிலும் 1961-இல் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ உயிர் காப்பாற்றப்பட்டது. ஆனாலும் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மலேசியாவில் 25,000 பேருக்கு மேல் இந்த நோய் கண்டிருக்கிறது. ஒழிந்துபோன தாத்தா காலத்து நோய் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

நிர்வாகத்தை மட்டும் திட்டிவிட்டு நம் முதுகை நாமே தட்டிக்கொள்ள நான் இதை எழுதவில்லை. நம் பக்கக் குற்றத்தையும் கேளுங்கள். டப்பா கொடுத்தால் எச்சிலைத் துப்பிக் கொடுக்கிறவன் நம்மில் உண்டு. "ஆயர் லியூர்" என்று நர்ஸ் திருப்பிக் கொடுத்தால் கோபப்படுகிறான். தனக்கு நோய் என்று தெரிந்தால் மகளுக்குக் கல்யாணம் நடக்காது என்று பயந்து, தம்பியின் சளியைப் பிடித்துக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். தண்ணீர் கலந்த பாலை ஊற்றினால் ஏமாறுகிறவர் கிராணி. அடுத்தவன் சளியைக் கொடுத்தால் ஏமாறுகிறவர் யார்? இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டு இருமல் நின்றதும், குணமாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பாதியில் விட்ட கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு திரும்பி வரும். அதனால்தான் இரண்டாம் மாதமும் முடிவிலும் மறுபடி சளி கேட்கிறார்கள். அந்தக் கடைசிச் சோதனைச் சீட்டு உங்கள் கையில் இருந்தால், "இவனுக்கு நோய், வேலை இல்லை" என்று எவனும் சொல்ல முடியாது. அதைப் பத்திரமாக வையுங்கள்.

பெண்களின் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். ஆம்பளைகள் நிற்கிற வராந்தாவில் நின்று காறித் துப்பு என்றால் எந்தப் பெண் துப்புவாள்? தொண்டையில் உள்ளதைத்தான் கொடுப்பாள். சோதனையில் ஒன்றும் தெரியாது. "உனக்கு ஒன்றுமில்லை" என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், காற்றோட்டமான இடத்தில், ஒரு தடுப்புக் கட்டினால் தீர்ந்தது. நாலு பலகை செலவு.

சிப்பந்தி நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. செக்ரோல் உங்கள் கையில் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு வாரமாக அரைநாள், கால்நாள் என்று விழுவதும், கிலோ குறைவதும் முதலில் தெரிவது உங்களுக்குத்தான், டிரெசருக்கு அல்ல. "சோம்பேறி" என்று எழுதுமுன், "இருமுகிறாயா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்டோரில் அவன் பக்கத்தில் நின்று மூச்சு விடுகிறவர் நீங்களும்தான்.

சளி கொடுக்கும் முறை இதோ. காலையில் எழுந்ததும், சாப்பிடுமுன், வாயை வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். வீட்டுக்கு வெளியே, ஆளில்லாத திறந்த இடத்துக்குப் போங்கள். இரண்டு மூன்று தடவை ஆழ மூச்சை இழுத்து, அடக்கி, விடுங்கள். பிறகு அடிநெஞ்சிலிருந்து இருமி, வருவதை டப்பாவில் வாங்குங்கள். தேக்கரண்டி அளவு போதும். கெட்டியாக, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருந்தால் சளி. நுரைத்த தண்ணீராக இருந்தால் எச்சில், மறுபடி முயலுங்கள். மூடியை இறுக்கி, பெயர், தேதி எழுதி, நிழலில் வைத்து அன்றே அனுப்புங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எங்கள் பிராஞ்சின் சார்பில் அடுத்த சம்பள நாளன்று ஆபீசில் ஒரு மகஜர் கொடுக்கப் போகிறோம். அதில் ஐந்து கோரிக்கைகள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற எவருக்கும், அவர் எந்த நாட்டுக்காரராயினும், இருமல் மருந்து ஊற்றுமுன் சளி டப்பா கொடுக்க வேண்டும். கொடுக்கும் நாளுக்கு முழுச் சம்பளம். டவுனுக்குப் போகும் லோரியில் ஒரு பெட்டி. சோதனை முடிவை டிரெசர் அந்த ஆளிடம் மட்டுமே தனியாகச் சொல்ல வேண்டும், பிரட்டுக் களத்தில் கூவக் கூடாது. நோய் என்று வந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. மற்றப் பிராஞ்சுகளும் இதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். எங்கள் நிர்வாகத்தின் பதில் வந்ததும் இதே பக்கத்தில் அப்படியே போடுகிறேன். டப்பா வாங்க நிர்வாகத்திடம் பணமில்லை என்று பதில் வந்தால், முதல் ஐம்பது டப்பாவை நாங்கள் சந்தாப் பணத்தில் வாங்கி, ஸ்டோர் மேசையில் மெட்ரோலாக்குக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைப்போம்.